பிரித்துக் கட்டிய கை

யார் மடித்து வைத்த துணியையும் என் சித்தி அப்படியே விட்டதில்லை. அம்மா துவைத்து, காயவைத்து, மடித்து அடுக்கியிருப்பாள். சித்தி அந்தப் பக்கம் போகும்போது மேலே இருப்பதை எடுத்து ஒரு உதறு உதறி, மறுபடி மடித்து வைத்துவிட்டுப் போவாள். என் பள்ளிச் சீருடை, விருந்தாளி படுத்தெழுந்த போர்வை, கடைக்காரர் கட்டிக் கொடுத்த பார்சல், எதுவும் தப்பாது. ஒரே வீட்டின் முன்னறைகளில் நாங்களும் பின்னறைகளில் சித்தியும் சித்தப்பாவுமாகப் பதினாறு வருஷம் குடியிருந்தோம். அத்தனை வருஷமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "ஏன்டி, நான் மடிச்சதுல என்ன குத்தம் கண்ட?" என்று கேட்டாள்.

"குத்தம்னு சொன்னேனா? ஓரம் சேரல."

"ஓரம் சேரலன்னா உடம்புல ஏறாதோ?"

சித்தி அடுத்த துணியை உதறினாள். சித்தப்பா மட்டும் இந்தச் சண்டைக்கு வெளியே இருந்தார். அவர் எதையும் மடிப்பதே இல்லை. "எப்படியும் பிரிக்கத்தான் போறா. சுருட்டிப் போட்டா எனக்கும் நேரம் மிச்சம், அவளுக்கும் சந்தோஷம்" என்பார்.

சித்திக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்து அனுப்பும் பிரிவு. அங்கே வரிசையாக மூன்று அறைகள். முதல் அறையில் ரத்தக் கறையோடு வரும் கருவிகளைக் கழுவுவார்கள். நடு அறையில் அவற்றை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து, எண்ணி, செட் செட்டாக இரட்டைத் துணியில் கட்டுவார்கள். மூன்றாம் அறையில் கிருமி கொல்லும் நீராவி மெஷின். ஏழு பெண்கள், மெஷினுக்கு ஒரு ஆள். அவரை எல்லோரும் ஸ்டீம்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே நோயாளியின் வயிற்றைத் திறக்கும்போது மேஜையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது இந்த நடு அறையில் முடிவாகிறது. ஆனால் லிஃப்டில் வருகிற யாரும் இந்தத் தளத்துக்குப் பொத்தானை அழுத்துவதில்லை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய சித்தி முதலில் அங்கே நடைபாதை துடைக்கத்தான் போனாள். ஐந்து வருஷம் துடைத்தாள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்தே கருவிகளைத் தெரிந்துகொண்டாள். ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாததால் தானே பெயர் வைத்தாள்: கொக்கு, நண்டுக்கால், கோணவாய். ஒரு நாள் ஆள் குறைந்தபோது உள்ளே கூப்பிட்டார்கள். அதன் பிறகு பதினாலு வருஷம் அவள் கட்டிய செட் ஒன்றுகூட மேலேயிருந்து திரும்பி வந்ததில்லை. ரத்தக் குழாயை இடுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் காதருகே வைத்து ஒரு முறை மூடித் திறப்பாள். 'டக்' என்பதற்குப் பதில் 'டொக்' என்று கேட்டால் பல் தேய்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் மற்றவர்களுக்குத் தெரியாது.

பழைய மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனபோது, நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான பெரிய சிஸ்டர் சித்தியைக் கூப்பிட்டு, "உங்கள விட்டா இந்தச் சாமான் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?" என்று சொல்லிப் பதவியைக் கொடுத்தார். பதினாலு வருஷம் தன் கை செய்த வேலைக்குக் கிடைத்த பரிசு என்று சித்தி நினைத்தாள். புது வேலை கருவிகளைப் பார்ப்பதல்ல, எட்டு மனிதர்களைப் பார்ப்பது என்பது சித்திக்கும் தோன்றவில்லை, பெரிய சிஸ்டருக்கும் தோன்றவில்லை.

நேற்றுவரை 'அக்கா'வாக இருந்தவள் மறுநாள் காலை 'மேடம்' ஆனாள். அதை மரியாதைக்காக யாரும் சொல்லவில்லை. ஆரம்பித்து வைத்தது ஏழாம் நம்பர். கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கட்டிய செட்டின் மேல் ஒட்டும் லேபிளில் அந்த எண் இருக்கும். ஏழாம் நம்பர் பெண்ணின் வாய் வேலை நேரம் முழுக்க ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். முதுகு ஒடிந்து வீட்டோடு கிடக்கும் கணவன், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. சித்திக்கு அடுத்தபடி வேகமான கை அவளுடையதுதான்.

"மேடம், உங்க நாற்காலி அங்க இருக்கு. இது எங்க மேஜை."

"நாற்காலி எங்கயும் ஓடிடாது. தள்ளு."

'தள்ளு' என்பதுதான் மேற்பார்வையாளராகச் சித்தி அதிகம் சொன்ன சொல். யாராவது மெதுவாக எண்ணினால் அவளால் நிற்க முடியாது. "தள்ளு, நான் பாக்கறேன்." துணியின் மூலை கோணினால், "தள்ளு." கட்டி முடித்து அடுக்கிய செட்டையும் பிரிப்பாள், சரிபார்ப்பாள், மறுபடி கட்டுவாள். அதனால் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர் வந்தது. ஸ்டீம்காரர் மெஷினின் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார். "இன்னிக்கு முப்பத்தொண்ணு தள்ளு. நேத்தைக்கு மேல ரெண்டு" என்று மதியம் அறிவிப்பார். எண்ணைச் சரியாக ஊகித்தவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தரவேண்டும்.

பட்டம் வாங்கி எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்த என்னை அங்கே லேபிள் அடிக்கவும் பதிவேட்டைக் கணினியில் ஏற்றவும் சித்திதான் சேர்த்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சித்தி அதை எல்லோரிடமும் சொல்வாள், பெருமையாகவும் குத்தலாகவும். "டிகிரி முடிச்சிருக்கா. கொக்கு எது, கோணவாய் எதுன்னு கேளுங்க, முழிப்பா."

அங்கே ஒரு விதி இருந்தது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் பிரித்தால், பழைய லேபிளைக் கிழித்துவிட்டு, பிரித்துக் கட்டியவரின் எண்ணோடு புது லேபிள் ஒட்டவேண்டும். அதற்கு என் மேஜைக்கு வரவேண்டும். சித்தி வரமாட்டாள். "ரெண்டு நிமிஷம் வீண். நான் கட்டினா என்ன, அவ கட்டினா என்ன" என்று பழைய லேபிளையே தடவி ஒட்டிவிடுவாள். ஒரு நாளைக்கு இருபது முப்பது செட் பிரிக்கிறாள், ஒரு லேபிள்கூடக் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை. எனக்கு அடிக்கிற வேலை குறைவு.

கட்டுகிறவர்களோ சித்தப்பாவின் வழிக்கு வந்திருந்தார்கள். "எப்படியும் எக்ஸ்ரே பிரிக்கத்தான் போகுது. நாம எதுக்கு ரெண்டு தடவ எண்ணணும்?" என்பாள் ரேடியோ. அவர்கள் அசட்டையாகக் கட்டக் கட்டச் சித்திக்குத் தப்பு கிடைத்தது. தப்பு கிடைக்கக் கிடைக்க இன்னும் பிரித்தாள்.

பெரிய சிஸ்டருக்கு விஷயம் எட்டி, சித்தியை மேற்பார்வையாளர் பயிற்சிக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து ஒரு பளபளப்பான கோப்போடு வந்தாள்.

"என்ன மேடம் சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் ரேடியோ.

"வட்டமா நிக்க வச்சு பந்து எறியச் சொன்னாங்க. ரெண்டு நாள்ல ஒரு கத்திரிக்கோலக்கூட கண்ணுல காட்டல."

"பந்தாவது அடுத்தவங்க கையில விட்டீங்களா, இல்ல 'தள்ளு'ன்னு புடுங்கிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்பட. சித்தி என்னை மட்டும் பார்த்தாள். அன்று மாலை என்னோடு பேசாமல் தனி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மாதம் அது நடந்தது. ஒரு மதியம் ரேடியோ கட்டி வைத்த வயிற்று அறுவை செட்டைச் சித்தி பிரித்தாள். ஒவ்வொரு செட்டுக்குள்ளும் ஒரு சிறிய மஞ்சள் ஸ்ட்ரிப் வைப்பார்கள். நீராவி உள்ளே சரியாகப் போயிருந்தால் அது கறுப்பாகிவிடும். மேலே கட்டைப் பிரிக்கும் நர்ஸ் முதலில் அதைத்தான் தேடுவார். சித்தி கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்தாள். ஏழாவது 'டொக்' என்றது. அதை எடுத்துவிட்டு வேறு வைத்தாள். அந்த விஷயத்தில் அவள் சொன்னது சரி. அந்தக் கிளாம்பை நானும் பார்த்தேன், ஆடியது.

அவள் துணியை மடிக்க ஆரம்பித்தபோது, கழுவும் அறையில் வேலை பார்க்கும் பெண் வந்து நின்றாள். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"மேடம், பாப்பாவுக்குக் காய்ச்சல். ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி போகட்டுமா?"

"போன வாரமும் காய்ச்சல். உன் பாப்பாவுக்குக் கிழமை தெரியுமா?"

"போன வாரம் மாமியாருக்கு மேடம்."

"அங்க நாலு தொட்டி கெடக்கு. நீ போனா யாரு கழுவுவா? நானா?"

"நீங்க கழுவினாத்தான் நல்லா இருக்கும்னு சொல்லுவீங்களே" என்று ரேடியோ அந்தக் கோடியிலிருந்து சொன்னாள்.

சித்தி திரும்பி அவளைத் திட்டினாள், பிறகு இவளைத் திட்டினாள். கழுவுகிற பெண் அழுதாள். அவள் போகவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. இத்தனையிலும் சித்தியின் கைகள் நிற்கவில்லை. ஓரம் ஓரமாகச் சேர்த்து, நாலு மூலையும் உறைபோல மடித்து, டேப் ஒட்டி, செட்டை அடுக்கிவிட்டன. மேலே லேபிளில் எண் ஏழு.

மறுநாள் காலை எட்டரைக்கு மேலேயிருந்து தொலைபேசி. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தாயிற்று, செட்டைப் பிரித்தால் உள்ளே ஸ்ட்ரிப் இல்லை. அது இல்லாத செட்டைத் தொடமாட்டார்கள். இன்னொரு வயிற்று செட் அப்போதுதான் மெஷினுக்குள் போயிருந்தது. ஒரு மனிதர் நாற்பது நிமிஷம் வீணாக மயக்கத்தில் கிடந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் கோபத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

"நம்பர் ஏழு! வாய் வேலை செய்யற அளவுக்குக் கை வேலை செய்யலியா?" என்று சித்தி எல்லோர் முன்னாலும் கத்தினாள்.

"நான் வச்சேன் மேடம். என் புள்ளைங்க மேல ஆணையா வச்சேன்."

"வச்சது எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?"

ரேடியோ அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மாலை உடை மாற்றும் அறையில் சித்தி தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, பேனாவையும் கண்ணாடியையும் எடுக்கப் பையில் கையை விட்டாள். கூடவே ஒரு ஸ்ட்ரிப் வந்தது. கறுக்காத மஞ்சள். முந்தைய நாள் கிளாம்பை மாற்றும்போது கீழே விழக்கூடாதென்று எடுத்துப் பையில் போட்டிருக்கிறாள். அதைத் திருப்பி வைக்கவில்லை. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல சித்தி."

ஸ்ட்ரிப்பை நாலாக மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விசாரணை. பதிவேட்டோடு என்னையும் வரச் சொன்னார்கள். போகிற வழியில், சித்தி சொல்லிவிடுவாள் என்று நான் நம்பினேன். அவள் பெரிய சிஸ்டரின் முன்னால் நிமிர்ந்து நின்று, "சிஸ்டர், என் பிரிவுல எது தப்பினாலும் பொறுப்பு என்னோடது. என் பேருல எழுதுங்க. பொண்ணுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

பெரிய சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதத்தான் உங்ககிட்ட எதிர்பாத்தேன். பயிற்சி வீண்போகல" என்றார். பிறகு படிவத்தைத் திருப்பி, "ஆனா கட்டினவங்க நம்பர் கேக்கறாங்களே. ஏழுன்னு லேபிள் இருக்கு. ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, புதுப்பிக்க வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க" என்றார்.

சித்தி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் சித்தி. அதற்காகத்தான் பேசாமலிருந்தேனா, அல்லது படித்தவள் என்றாலும் பெரியவர்கள் அறையில் பேசத் தெரியாததாலா என்று இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். எது பதிலானாலும் ரேடியோவுக்கு ஒன்றுதான்.

அவளுக்கு இன்னும் பத்து நாள் வேலை மிச்சமிருந்தது. மூன்றாம் நாள் கழுவுகிற பெண் அவளிடம், "அக்கா, நான் லீவு கேக்க வந்தப்ப அவங்க உங்க செட்டத்தான் பிரிச்சு வச்சிருந்தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். ரேடியோ நேராகச் சித்தியின் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், அன்னிக்கு என் செட்ட நீங்க பிரிச்சீங்களா, இல்லியா?"

"பிரிச்சேன். பல்லு ஆடற கிளாம்ப வச்சிருந்தியே, அத மாத்தப் பிரிச்சேன். அது வயித்துக்குள்ள கழண்டிருந்தா என்ன ஆயிருக்கும்? நன்றி சொல்லு."

"நன்றி. ஸ்ட்ரிப்பு?"

சித்தி மேஜை விளக்கை அணைத்தாள், மறுபடி போட்டாள்.

"பெரிய சிஸ்டர்கிட்டப் போங்கன்னு நான் சொல்லல. உங்க பதவிய எடுக்கச் சொல்லல" என்றாள் ரேடியோ. "பதிவேட்டுல அந்தத் தேதிக்கு நேரா, 'இதைப் பிரித்துக் கட்டியது நான்'னு ஒரு வரி, கீழ கையெழுத்து. நான் போட்டோ எடுத்துக்கறேன். அடுத்த ஆஸ்பத்திரியில ஏன் நிறுத்தினாங்கன்னு கேப்பாங்க. காட்டறதுக்கு ஒரு வரி வேணும். அது இல்லாம என்ன எவனும் கட்டற மேஜையில விடமாட்டான்."

"எழுதறேன்."

"எப்ப?"

"எழுதறேன்னு சொல்லிட்டேன்ல? போய் வேலையப் பாரு."

அந்த ஒரு வாரத்தில் சித்தி இரண்டு முறை பேனாவோடு என் மேஜைக்கு வந்தாள். முதல் முறை பக்கத்தைப் புரட்டி, "இந்த டீக் கறை யாரு பண்ணது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாம் முறை பேனா எழுதவில்லை என்றாள். என் பேனாவை நீட்டினேன். மெஷின் மணி அடிக்கிறது என்று எழுந்தாள். மெஷினில் மணி அடிக்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தைய இரவு சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "சித்தி, அந்த வரி..."

"பொறுப்பு என்னோடதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்ல? உன் காது எங்க போச்சு?"

"பொறுப்புன்னு சொன்னீங்க. பிரிச்ச கை உங்களதுன்னு சொல்லலியே."

"டிகிரி பேசுதா?" தட்டைத் தள்ளினாள். "பதினாலு வருஷம்டி. என் கையிலேர்ந்து ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு திரும்பி வந்திருக்கா? துடைப்பம் புடிச்ச கை இது. இத விட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு? எழுதிட்டா நாளைக்கு ஸ்டீம்காரன் அதுக்கும் கோடு போடுவான்."

சித்தப்பா, "சோத்தத் தின்னுட்டுச் சண்ட போடுங்க" என்றார். அந்தத் தட்டில் யாரும் கை வைக்கவில்லை.

ரேடியோ போனாள். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், சித்தியிடம் மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரமே சித்தி ஒரு அறிவிப்பு ஒட்டச் சொன்னாள்: பிரித்தவர் யாராக இருந்தாலும் தன் எண்ணோடு புது லேபிள் ஒட்டவேண்டும். தனக்கும் ஒரு எண் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவள் எதையும் பிரித்து நான் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். யாராவது மூலையைக் கோணலாக மடித்தால் பல்வலிக்காரி மாதிரி முகம் சுருங்கும், ஆனால் வாய் திறக்கமாட்டாள். தங்களுக்குப் பிறகு பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் பெண்கள் இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தார்கள். அதன் பிறகு செட் எதுவும் திரும்பி வரவில்லை. ஆனாலும் யாருக்கும் அவளைப் பிடிக்கவில்லை. "முன்னாடி கை பேசிச்சு, இப்ப மூஞ்சி பேசுது" என்றார் ஸ்டீம்காரர்.

அடுத்த வருஷம் புது மேற்பார்வையாளர்கள் முன்னால் பேசப் பெரிய சிஸ்டர் சித்தியை அழைத்தார். 'தப்பு நடந்தால் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற அந்தப் பேச்சை நான்தான் தட்டச்சு செய்தேன். நன்றாகக் கைதட்டினார்கள். அதில் இருந்ததெல்லாம் உண்மை என்பதுதான் எனக்குக் கோபம்.

போன வருஷம் சித்தி ஓய்வு பெற்றாள். கடைசி நாள் ஒப்படைப்புக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து நடுவில் வைத்தேன். கண்ணாடி போட்டு முழுதாகப் படித்தாள். "இது பழசு. ஒப்படைக்க வேண்டியதில்ல" என்று மூடி என் பக்கம் தள்ளினாள்.

நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் ரேடியோவைப் பார்த்தேன். இரண்டு மருத்துவமனைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டிலும் முன்பு ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். கை வெந்து வெளுத்திருந்தது.

"உங்க சித்தி எழுதிட்டாங்களா?"

"இல்லக்கா."

"ரிட்டயர் ஆயிட்டாங்கல்ல? இப்ப நேரம் இருக்குமே. பதிவேடு வேணாம், ஒரு வெள்ளைத் தாள் போதும். பேனா இல்லன்னா சொல்லு, நான் வாங்கித் தரேன்." சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் வந்த பஸ்ஸைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே ஒரு தாளும் பேனாவும் எடுத்துப்போய்ச் சித்தியின் மேஜையில் வைத்து, ரேடியோ சொன்னதை அப்படியே சொன்னேன். கேன்டீனையும் சொன்னேன். சித்தி தாளின் ஓரத்தை மேஜை விளிம்போடு சேர்த்து வைத்தாள்.

"அந்த செட்டுல பல்லு ஆடற கிளாம்ப் இருந்துச்சா, இல்லியா? அத முதல்ல அவளை எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றாள்.

தாள் மூன்று நாள் அங்கேயே கிடந்தது. நான்காம் நாள் போனபோது அதில் சித்தப்பா எரிவாயுக்காரரின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்தார்.